கொலைவாளைக் காணவில்லை

"அட, அதையா இன்னும் தேடுறீங்க? அதான் படமே வந்துடுச்சேங்க!"

நேற்று சாயங்காலம் என் காதில் விழுந்த வசனம் இது. சொன்னவர் நல்ல மனிதர். வீட்டுக்குப் போனால் காபி இல்லாமல் அனுப்ப மாட்டார். அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வருகிறது. காபியைக் குடித்துக்கொண்டே எப்படிக் கத்துவது?

கேட்டது என்ன பெரிய சொத்தா? பொன்னியின் செல்வன் மூன்றாம் பாகம். 'கொலைவாள்'. என்னுடைய கொலைவாள். 2022 அக்டோபரில் வாங்கிக்கொண்டு போனார். முதல் படம் வந்து மியூனிக்கில் இருக்கிற தமிழர் மொத்தப் பேரும் திடீரென்று சோழர் வரலாற்று நிபுணர்களாகிவிட்ட மாதம் அது. படம் நடுக்கடலில் புயலோடு முடிந்துவிட்டது, அடுத்த பாகம் வருகிறவரை பொறுக்க முடியாது, அப்புறம் என்ன ஆகும் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். "மூணாம் பாகம் மட்டும் போதுங்க, ஒரு வாரத்துல தந்துடுறேன்." முதலிரண்டு பாகம் வேண்டாமாம். அவற்றைத்தான் தியேட்டரில் பார்த்துவிட்டாராம். அங்கேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

ஒரு வாரம் ஆயிற்று. கிறிஸ்துமஸ் ஆயிற்று. ஏப்ரலில் இரண்டாவது படமும் வந்து போயிற்று. "படிச்சிட்டே இருக்கேன்" என்பது "பாதி முடிச்சாச்சு" ஆகி, "வீடு மாத்துறோம், அட்டைப்பெட்டியில இருக்கு" ஆகி, நேற்று "படம்தான் வந்துடுச்சே"வில் வந்து நின்றது.

படம் வந்துவிட்டதாம்! கல்கி 1950இல் ஆரம்பித்து வாராவாரம் எழுதி 1954இல் முடித்த ஐந்து பாகத்தை இரண்டு படத்தில் அடக்கினார்கள். கடைசி மூன்று பாகமும் ஒரே படத்துக்குள். சரி, சினிமா என்றால் வெட்டத்தான் வேண்டும், நானும் பார்த்தேன், ரசித்தேன். ஆனால் அண்ணா, அதில் மணிமேகலை எங்கே? கந்தமாறனின் தங்கை, வந்தியத்தேவன் மேல் உயிரையே வைத்திருந்த அந்தப் பெண் எங்கே? படத்தில் அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை. இதை அவரிடமே கேட்டேன். ஒரு விநாடி யோசித்தார். "மணிமேகலைன்னா அது வேற காப்பியம் இல்லையா?" என்றார். காபியைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தப் புத்தகம் என்னிடம் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். சென்னைப் புத்தகக் கண்காட்சியில் செட்டாக வாங்கியது. மியூனிக்குக்கு விமானம் ஏறுகிற நாள் கையில் தொங்குகிற தராசில் பெட்டியை மாட்டினால் 23 கிலோவைத் தாண்டி முள் துள்ளுகிறது. ஒன்று சோழ வம்சம், இல்லையென்றால் அம்மா போட்ட மாவடு. நான் மாவடுவை எடுத்து வெளியே வைத்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிலை மட்டும் துடைத்து மறுபடி அலமாரியில் வைத்தார். இன்றைக்கும் அந்தப் பாட்டில் என் கண்ணில் நிற்கிறது. மூன்றாம் பாகத்துக்காக நான் கொடுத்த விலை அது.

"ஒண்ணு வாங்கிக்கலாமேங்க" என்பீர்கள். அவரும் அதைத்தான் சொன்னார். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதிலிருந்து ஆளாளுக்கு ஒரு பதிப்பு. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, அட்டைப் படத்தில் ஒவ்வொன்றிலும் வந்தியத்தேவனுக்கு ஒவ்வொரு மீசை. அதிலும் மூன்றாம் பாகத்தை மட்டும் தனியாகக் கொடு என்று எந்தக் கடைக்காரரிடம் கேட்பது? என் அலமாரியில் இப்போது ஒன்று, இரண்டு, பிறகு ஓட்டை, பிறகு நான்கு, ஐந்து. வருகிற விருந்தாளிகள் எல்லாரும் அந்தப் பொக்கை வாயைத்தான் முதலில் பார்க்கிறார்கள். இரண்டாம் பாகத்தின் முடிவில் இளவரசரும் வந்தியத்தேவனும் பூங்குழலியின் படகில் ஏறியவர்கள்தான். என் வீட்டில் மட்டும் இன்னும் கரை சேரவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதே மனிதர் காலி பாட்டில்களைத் திருப்பிக் கொடுப்பதில் கில்லாடி. வாங்கும்போது பாட்டிலுக்கென்று கட்டிய முன்பணம் அப்போது திரும்பக் கிடைக்கும், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட், பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். சனிக்கிழமை காலையில் இரண்டு பெரிய பை நிறையக் கொண்டுபோய், சூப்பர் மார்க்கெட் மெஷின் முன்னால் வரிசையில் நின்று, ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுவார். நசுங்கின பாட்டிலை மெஷின் துப்பிவிட்டால் வாயை வைத்து ஊதி நிமிர்த்தி மறுபடி தள்ளுவார். நானே பார்த்திருக்கிறேன். எட்டு சென்டுக்கு இருக்கிற மரியாதை எழுத்துக்கு இல்லை. புத்தகத்தின் முதுகிலும் ஒரு பார்கோடு ஒட்டி 25 சென்ட் என்று எழுதியிருந்தால் என்றைக்கோ என் கைக்கு வந்திருக்கும்.

சரி, புத்தகம் இப்போது எங்கேதான் இருக்கிறது என்று கேட்டேன். உள்ளேயிருந்து அவர் மனைவிதான் பதில் சொன்னார். "வீடு மாத்தும்போது யாரும் படிக்கலையேன்னு அந்தத் தெருமுனை புத்தக அலமாரியில வெச்சிட்டோமே அக்கா."

இந்த ஊரில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். கண்ணாடிக் கதவு போட்டு ரோட்டோரம் நிற்குமே, வேண்டாத புத்தகத்தை வைக்கலாம், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், அது. அருமையான ஏற்பாடு. நானே பாராட்டியிருக்கிறேன். ஆனால் அங்கே வைக்க வேண்டியது அவரவர் புத்தகம்!

ஞாயிற்றுக்கிழமை, கடை கண்ணி எல்லாம் மூடின தெருவில், தூறலில் போய்ப் பார்த்தேன். வைத்து வருடக்கணக்காகிவிட்டது, இருக்காது என்று தெரியும். இருந்தாலும் கால் போயிற்று. கேக் செய்வது எப்படி, ஆல்ப்ஸ் மலையில் நடப்பது எப்படி, அட்டை பிய்ந்த துப்பறியும் நாவல்கள், யாரோ வருமான வரி பற்றி எழுதின 2009 கையேடு. அதைக்கூட ஒருத்தரும் தொடவில்லை. கொலைவாளை மட்டும் காணோம். யாரோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

யார் எடுத்தது? பக்கத்தில் இன்னொரு தமிழ்க் குடும்பம் இருக்கிறதா? இல்லை, எழுத்து வட்ட வட்டமாக அழகாக இருக்கிறதே என்று ஒரு ஜெர்மன் பாட்டி கொண்டுபோய் வரவேற்பறையில் வைத்திருக்கிறாரா? அந்தப் பாட்டி மூன்றாம் பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டு முதலிரண்டைத் தேடி அலைகிற காட்சியை நினைத்ததும் அங்கேயே நின்று சிரித்துவிட்டேன். நாயோடு போன ஒருவர் தள்ளி நடந்தார்.

சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து இட்லிக்கு ஊற வைக்கலாம் என்று பானையை எடுத்தால்தான் ஞாபகம் வருகிறது. அவர்கள் பையனின் பிறந்தநாளுக்கு என் இட்லி ஸ்டாண்டும் போயிருந்தது. தட்டு நான்கும் திரும்பி வந்துவிட்டன. அவற்றைக் கோத்து நிறுத்துகிற நடுக்கம்பி வரவில்லை. அன்றையிலிருந்து இந்த வீட்டில் தோசைதான்.