மாநாடு நடந்த மாநிலத்தில் வெற்றி உறுதியா?

அமெரிக்காவின் இரு பெரிய கட்சிகளும் தேசிய மாநாட்டை எந்த மாநிலத்தில் நடத்துகின்றனவோ அந்த மாநிலத்தை அதிபர் தேர்தலில் தவறாமல் வெல்லும் என்றும், மாநாட்டு நகரத்தை அரசே ஒதுக்கித் தருகிறது என்றும் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் பகிரப்படுகிறது. இரண்டுமே தவறு.

2012இல் குடியரசுக் கட்சி புளோரிடாவின் டாம்பாவிலும், ஜனநாயகக் கட்சி வட கரோலினாவின் சார்லட்டிலும் கூடின. இரண்டும் அந்தந்த மாநிலத்தில் தோற்றன. 2016இல் பிலடெல்பியாவில் கூடிய ஜனநாயகக் கட்சி பென்சில்வேனியாவை இழந்தது. மில்வாக்கியில் கூடி விஸ்கான்சினை வென்ற 2024 குடியரசுக் கட்சியை மட்டும் காட்டுவது, வசதியான உதாரணத்தைப் பொறுக்கி எடுப்பதாகும்.

நகரங்கள் விண்ணப்பிக்க, அரங்கம், விடுதி அறைகள், போக்குவரத்து, பாதுகாப்பு, உள்ளூர் ஏற்பாட்டுக் குழுவால் திரட்டக்கூடிய நிதி ஆகியவற்றை எடைபோட்டுக் கட்சியின் தேசியக் குழுவே முடிவெடுக்கிறது. அரசியல் கணக்கும் அதில் உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. பாதுகாப்புச் செலவுக்கு மத்திய அரசு மானியம் தருகிறது என்றாலும், மாநாடு நடத்துவதற்கான பொது நிதி 2014ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுத்தப்பட்டது.

மாநிலவாரி முடிவுகளை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்திலும், நிதி விதிகளை மத்தியத் தேர்தல் ஆணையத்தின் தளத்திலும் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை மேலும் பகிர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.