எண் ஏறும் நாளில் என்ன செய்வது?
"தினமும் காலையில் எடை பாருங்கள், எண் குறையக் குறைய உற்சாகம் தானாக வரும்" என்கிறது உடல் எடையைக் குறைப்பது பற்றிய இந்தக் கட்டுரை. எண் ஏறும் நாளில் என்ன வரும்? சாப்பிட்ட மாவுச்சத்தை உடல் கிளைகோஜனாகச் சேமிக்கும்; அப்படிச் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கும்பகோணத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தால் மறுநாள் மெஷினில் 1 கிலோகூட ஏறித் தெரியலாம். அதில் பெரும்பகுதி கொழுப்பே அல்ல, தண்ணீர். மன்னார்குடியில் இருக்கும் என் அக்கா இது தெரியாமல் எண் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துவாள், மறுநாள் பசி தாங்காமல் முறுக்கு டப்பாவைத் திறப்பாள், பிறகு ஒரே அழுகை. வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாது. இப்போது வாரம் ஒருமுறைதான் எடை, கூடவே டேப் வைத்து இடுப்பளவு, சாயங்காலம் பாமணி ஆற்றங்கரையில் பக்கத்து வீட்டு அத்தையோடு நடை. மெதுவாகத்தான் குறைகிறது, ஆனால் பழையபடி சிரித்துப் பேசுகிறாள். மேலே கருத்துப் பகுதியில் ஒருவர், தினமும் எடை பார்க்க முடியாது என்பது "கட்டுப்பாடு இல்லாதவர்கள் சொல்லும் சாக்கு" என்று எழுதியிருக்கிறார். பட்டினியாகப் படுத்தவளிடமா கட்டுப்பாடு இல்லை? தினமும் பார்ப்பது சிலருக்கு ஒத்துவரலாம், மறுக்கவில்லை. ஆனால் கொஞ்சம் இளைத்தாலே "என்னடி, சுகர் வந்துடுச்சா?" என்று விசேஷ வீட்டில் நாலு பேர் கேட்பார்களே, அதை எப்படித் தாங்குவது என்பதற்கும் கட்டுரையாளர் இரண்டு வரி ஒதுக்கியிருக்கலாம்.