கிரெய்க் நடிகர்களை ஒழிக்கச் சொன்னாரா?

ஆங்கில நாடக இயக்குநர் கார்டன் கிரெய்க் பற்றி ஒருவர், "அவர் மேடையில் நடிகர்களே வேண்டாம், பொம்மைகள் போதும் என்றார்" என்று எழுதியிருக்கிறார். அதை நம் டர்பன் நாடக நண்பர்கள் நிறையப் பேர் பகிர்ந்தும் விட்டார்கள். பாதிதான் சரி. 1908-இல் 'தி மாஸ்க்' இதழில் வந்த கட்டுரையில், நடிகர் போக வேண்டும், அந்த இடத்துக்கு ஊபர்-மரியோனெட் (சாதாரணப் பொம்மையை விஞ்சிய 'மேலான பொம்மை') வர வேண்டும் என்று அவர் எழுதியது உண்மை. ஆனால் அந்தக் கட்டுரை உள்ள தன் நூலுக்கு எழுதிய, 1924 தேதியிட்ட முன்னுரையில் அவரே விளக்கிவிட்டார்: உள்ளே தீ கூடி, 'நான்' என்ற தன்முனைப்பு கழிந்த நடிகர்தான் அந்த ஊபர்-மரியோனெட். அதாவது மனித நடிகர்தான், தன் சொந்த உணர்ச்சி இழுத்த பக்கமெல்லாம் போகாதவர்.

அவர் செய்ததைப் பாருங்கள். மாஸ்கோ கலை அரங்கில் ரஷ்ய இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியோடு சேர்ந்து ஹாம்லெட் போட்டார், 1912 ஜனவரியில் (பழைய ரஷ்யக் காலண்டரில் 1911 டிசம்பர்) அரங்கேறியது, ஹாம்லெட்டாக நின்றவர் கச்சலோவ் என்ற நடிகர், பொம்மை இல்லை. நகர்த்தக்கூடிய உயரமான திரைத்தட்டிகள், வெளிச்சம், அசைவு எல்லாம் ஒரே இயக்குநரின் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்ட சீர்திருத்தம். அவரே இளவயதில் ஆங்கில நடிகர் ஹென்றி இர்விங்கின் குழுவில் நடித்தவர்தானே!

சரிபார்ப்பது சுலபம். 'ஆன் தி ஆர்ட் ஆஃப் தி தியேட்டர்' நூலை எடுங்கள், ஆனால் 1911 முதல் பதிப்பு போதாது, அதில் அந்த முன்னுரை கிடையாது. 1924 முன்னுரை உள்ள பிந்தைய பதிப்பில் முதலில் அதைப் படித்துவிட்டு, அப்புறம் கட்டுரைக்குப் போங்கள்.