"அனைவரும் வருக" பலகைக்குப் பின்னால்

அமெரிக்காவில் எந்தச் சபை வாசலுக்குப் போனாலும் "அனைவரும் வருக" என்று ஒரு பலகை இருக்கும். தன்பாலீர்ப்புள்ள ஒரு கிறிஸ்தவர் அதை நம்பி உள்ளே போவார். ஆறு மாதம் காணிக்கை போட்டு, விருந்து முடிந்ததும் பாத்திரம் கழுவி, பாடகர் குழுவுக்குப் பேர் கொடுக்கிற அன்றைக்குத்தான் தெரியும், வரவேற்பு பெஞ்சு வரைக்கும்தான் என்று. "உனக்கு இங்கே இடமில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்கிற சபையே மேல் என்பேன். இவர்கள் வேர்விட்ட பிறகல்லவா பிடுங்குகிறார்கள்.

அதனால் மூன்றாவது ஞாயிறுக்குள் ஆயரிடம் கேட்டுவிடுங்கள். "எங்களைப் பற்றிச் சபை என்ன நினைக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டால், "தேவன் எல்லாரையும் நேசிக்கிறார்" என்றுதான் பதில் வரும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? துணையோடு வாழ்கிற ஒருவர் ஞாயிறுப் பள்ளியில் பாடம் எடுக்கலாமா, மூப்பராகலாமா, எங்கள் திருமணத்தை நீங்கள் நடத்தி வைப்பீர்களா, எங்கள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் உண்டா? இப்படிக் கேளுங்கள். "ஒருநாள் காபி குடித்துக்கொண்டே பேசலாமே" என்று பதில் வந்தால் பெரும்பாலும் இல்லை என்றுதான் அர்த்தம்.

திருச்சபைப் பிரிவின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்துவிட முடியாது. யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் 1985-இலேயே முழு ஏற்பைத் தீர்மானமாக நிறைவேற்றியது. ஆனாலும் ஒவ்வொரு சபையும் தனியே வாக்கெடுத்துத்தான் அதில் சேர வேண்டும். உங்கள் ஊர்ச் சபை எந்த வருஷம் வாக்கெடுத்தது என்று விசாரியுங்கள். யுனைடெட் மெதடிஸ்ட் சபை, தன்பாலீர்ப்புள்ளவர்கள் குருவாவதற்கு 1984-இல் போட்ட தடையை 2024 மே மாதம் நீக்கியது. அதற்காக எந்த ஆயரும் தன்பால் திருமணத்தை நடத்தியே ஆக வேண்டும் என்றில்லை. கத்தோலிக்கச் சபையில், தன்பால் இணைகளுக்கு ஆசீர் வழங்க 2023 டிசம்பரில் வத்திக்கான் அனுமதித்தது, வழிபாட்டுச் சடங்காகவோ திருமணம் மாதிரியோ இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

இந்தக் கேள்வி எதையும் கேட்கத் தேவையில்லாத இடமும் உண்டு. தன்பாலீர்ப்புள்ளவர் என்பதால் பெந்தெகொஸ்தே சபை வெளியேற்றிய போதகர் ட்ராய் பெர்ரி, 1968 அக்டோபர் 6 அன்று கலிபோர்னியாவில் தன் வீட்டு வரவேற்பறையிலேயே ஆராதனை நடத்தினார். வந்தவர்கள் 12 பேர். மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச் அப்படித்தான் பிறந்தது. அங்கே திருவிருந்து எல்லாருக்கும் உண்டு. துணையோடு சேர்ந்தே முன்னால் போகலாம். அப்பமும் திராட்சரசமும் கொடுத்து, இருவருக்கும் சேர்த்து ஒரு சின்ன ஜெபம் செய்வார்கள். பல வருஷம் கடைசி பெஞ்சில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தவர்களுக்கு அந்த அரை நிமிஷத்தின் கனம் தெரியும். (தமிழ் ஆராதனையை விட மனசில்லாதவர்கள் காலையில் அங்கே, மாலையில் இங்கே என்று போனால் ஒன்றும் குறைந்துவிடாது.)

ஆதரவுக் குழு என்ற பெயரில் "விடுதலை ஊழியம்" நடத்துகிறவர்களிடம் மட்டும் கவனம். "தன்பாலீர்ப்பை மாற்றிக் காட்டுகிறோம்" என்று 1976-இல் ஆரம்பித்த எக்ஸோடஸ் இன்டர்நேஷனல், 2013-இல் அதன் தலைவரே மன்னிப்புக் கேட்டுவிட்டு இழுத்து மூடப்பட்டது. நம் ஊரில் இந்த 'மாற்று சிகிச்சை' முயற்சிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் தடை செய்தது. "குணமாக்குகிறோம்" என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே கிளம்பிவிடுங்கள்.

பக்கத்தில் சபையே இல்லையென்றால் ஐந்தாறு பேர் ஒரு வீட்டில் கூடினாலும் போதும். முதலில் சாப்பாடு, பிறகு ஜெபம். வெறும் வயிற்றோடு வட்டமாக உட்கார்ந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பொறுப்பு இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஒருவரை மட்டும் நம்பிய குழு, அவர் வேலை மாறிப் போனதும் கலைந்துவிடும். திருமணம் சரி என்பவர்களும் துறவே வழி என்பவர்களும் ஒரே அறையில் இருக்கலாம், அது விவாத மேடை ஆகாத வரைக்கும். கேட்காமல் யாரும் படம் எடுக்கக் கூடாது. வீட்டுக்குத் தெரியாமல் வருகிற ஒருவராவது அங்கே இருப்பார். ஒரு படம் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனால் போதும், அடுத்த வாரம் அவர் நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.