லீ எல்டரை ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்

நவம்பர் கடைசி வாரம் வந்தாலே எனக்கு லீ எல்டர் ஞாபகம் வந்துவிடும். 2021 நவம்பர் 28 அன்று 87 வயதில் காலமானார். அப்போது வந்த அஞ்சலிக் குறிப்புகளில் பெரும்பாலானவை ஒரே வரியைத்தான் சொன்னன: மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் ஆடிய முதல் கறுப்பின வீரர். உண்மைதான், பெரிய விஷயமும்கூட. ஆனால் ஒரு மனுஷனை அந்த ஒரு வரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவது எனக்கு ஒப்பவே இல்லை. அவர் அருமையான ஆட்டக்காரர். அதை யாராவது சொல்ல வேண்டாமா?

அவர் இறப்பதற்கு ஏழு மாதம் முன்பு எடுத்த ஒரு காணொளி இருக்கிறது, தேடினால் கிடைக்கும். 2021 ஏப்ரல் 8, மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டா நேஷனல் மைதானத்தின் முதல் டீ (ஆட்டத்தின் முதல் பந்தை அடிக்கும் இடம்), காலை நேரம். மாஸ்டர்ஸ் தொடங்கும் முன் மூத்த ஜாம்பவான்கள் ஆளுக்கொரு பந்தை அடித்துப் போட்டியைத் தொடங்கிவைப்பது அங்கே வழக்கம். அந்த வருடம் ஜாக் நிக்லஸ், கேரி பிளேயர், கூடவே முதல் தடவையாக எல்டர். மூக்கில் ஆக்சிஜன் குழாய், கையில் டிரைவர் என்ற நீளமான மட்டை. உடம்பு ஒத்துழைக்காததால் அவரால் பந்தை அடிக்க முடியாது என்று முன்பே முடிவாகியிருந்தது. ஆனாலும் மட்டையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெயரைச் சொல்லி அறிவித்ததும் எல்லாரும் எழுந்து கைதட்ட, இவரும் மெல்ல எழுந்து மட்டையை உயர்த்திக் காட்டினார். சில நொடிகள்தான், மறுபடி உட்கார்ந்துவிட்டார். எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது, இன்னும் அந்த இடத்தில் தொண்டை அடைக்கிறது.

அந்தக் காணொளியைப் பார்க்கிறவர்கள் பலரும் இரண்டு மகா வீரர்கள், அவர்களுக்கு நடுவே கௌரவத்துக்காக அழைக்கப்பட்ட ஒரு பெரியவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. 1968-இல் ஏக்ரனில் நடந்த அமெரிக்கன் கோல்ஃப் கிளாசிக் போட்டியில் இதே நிக்லஸோடு பிளேஆஃப், அதாவது கணக்கு சமமானால் வெற்றியைத் தீர்மானிக்கும் கூடுதல் ஆட்டம், ஆடியவர் எல்டர். அது அவர் அமெரிக்காவின் பெரிய தொழில்முறை கோல்ஃப் தொடரான பிஜிஏ டூருக்கு வந்த முதல் வருடம். எதிரே நிற்பது 28 வயதிலேயே ஏழு மேஜர் பட்டங்களை (கோல்ஃபின் நான்கு பெரும் போட்டிகளில் வெல்வது) வாங்கிவிட்ட ஆள். அவருக்கு ஈடுகொடுத்து ஐந்தாவது குழி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்த்தான் எல்டர் தோற்றார். கேரி பிளேயர் கதை வேறு. நிறவெறிச் சட்டங்கள் உச்சத்தில் இருந்த தென்னாப்பிரிக்காவுக்கு 1971-இல் எல்டரை ஆட அழைத்தவர் அவர்தான். வருகிறேன், ஆனால் பார்வையாளர்களை நிறம் பார்த்துப் பிரித்து நிற்கவைக்கக் கூடாது என்று எல்டர் நிபந்தனை போட்டார், அது நடந்த பிறகுதான் ஜோகன்னஸ்பர்க் போய் ஆடினார். ஆக, 2021-இல் அந்த டீயில் இருந்த மூன்று பேரும் ஒருவருக்கொருவர் பழைய கணக்கு உள்ளவர்கள்.

எனக்கு எப்போதும் உறுத்துகிற வருடம் ஒன்று உண்டு: 1934. எல்டர் டல்லஸில் பிறந்தது அந்த வருடம். மாஸ்டர்ஸ் முதல்முறை நடந்ததும் அந்த வருடம்தான். டூரை நடத்திய அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கம் (பிஜிஏ) வெள்ளையர்கள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி எழுதியதும் அதே வருடம். பையன் தொட்டிலில் கிடக்கும்போதே கதவைச் சாத்திவிட்டார்கள். அந்த விதியை நீக்கியது 1961 நவம்பரில், அப்போது அவருக்கு 27 வயது.

அதற்குள் என்னென்னவோ நடந்துவிட்டது. அப்பா இரண்டாம் உலகப் போரில் இறந்தார், கொஞ்ச நாளில் அம்மாவும் போய்விட்டார். கேடியாக அடுத்தவர் மட்டைப் பையைச் சுமந்துதான் ஆட்டத்தைக் கற்றார். டைட்டானிக் தாம்சன் என்று ஒரு பந்தய ஆசாமி, கோல்ஃபில் காசு கட்டி ஆடுவதில் பேர்போனவர், அவருக்குக் கார் ஓட்டினார். எதிராளியிடம் பந்தயம் பேசிவிட்டு, "உன்னை ஜெயிக்க என் டிரைவரே போதும்" என்று தாம்சன் எல்டரை இறக்கிவிடுவாராம். அப்புறம் டெட் ரோட்ஸ் என்ற பெரிய ஆட்டக்காரர் கைகொடுத்து, ஆட்டத்தைச் செதுக்கிக் கொடுத்தார். கறுப்பின வீரர்கள் தங்களுக்கென்று நடத்திய யுஜிஏ போட்டிகளில் ஒரு காலகட்டத்தில் 22-இல் 18-ஐ எல்டர் ஜெயித்திருக்கிறார். திரும்பப் படியுங்கள், 22-இல் 18. எந்த ஆட்டத்தில், எந்த மட்டத்தில் என்றாலும் இது சும்மா வருகிற கணக்கு இல்லை. ஆனால் பரிசுப் பணம் சொற்பம், டூருக்குத் தகுதிபெறச் செலவழிக்கக் கையில் காசு வேண்டும், அதைச் சேர்த்துத் தகுதிச் சுற்றில் தேறி உள்ளே வந்தபோது அவருக்கு 33 வயது. மற்றவர்கள் உச்சத்தில் இருக்கும் வயதில் இவர் ஆரம்பிக்கிறார்.

ஆரம்பித்ததும் கதவு முழுசாகத் திறந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. ஃபுளோரிடாவில் பென்சகோலா என்ற ஊரில், 1968-இல் கறுப்பின வீரர்களைக் கிளப் கட்டடத்துக்குள் விடவில்லை, வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று உடை மாற்றிக்கொண்டு போய் ஆட வேண்டியிருந்தது. அவர்களில் எல்டரும் ஒருவர். ஆறு வருடம் கழித்து, 1974 ஏப்ரலில், அதே பென்சகோலாவில் மொன்சான்டோ ஓபன் போட்டியில் பீட்டர் ஊஸ்டர்ஹைஸை பிளேஆஃபில், நான்காவது குழியில் பர்டி (குழிக்கு வகுத்த கணக்கைவிட ஓர் அடி குறைவு) அடித்து வென்றார். டூரில் முதல் வெற்றி. டூர் போட்டியில் வெல்கிறவருக்கு மாஸ்டர்ஸ் அழைப்பு தானாக வந்துவிடும் என்ற விதி அப்போது இருந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் 18 பேர் எல்டரை அழைக்கச் சொல்லிக் கடிதம் எழுதி, அகஸ்டா நிர்வாகம் மறுத்திருந்தது. இப்போது மறுக்க வழியே இல்லாமல் பந்தைக் குழிக்குள் உருட்டி உள்ளே போனார்.

1975 மாஸ்டர்ஸுக்கு முந்தைய அந்த ஒரு வருடத்தை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. கொலை மிரட்டல்கள் வந்துகொண்டே இருந்தன. அகஸ்டாவில் இரண்டு வீடுகளை வாடகைக்கு எடுத்து மாற்றி மாற்றித் தங்கினார், எந்த ராத்திரி எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக. ஏப்ரல் 10, காலை 11.15-க்கு ஜீன் லிட்லரோடு சேர்ந்து முதல் பந்தை அடித்தார். அன்றைக்கு 74 அடிகள், மறுநாள் 78, இரண்டு நாள் முடிவில் பின்தங்கியவர்களை வெளியேற்றும் 'கட்' எல்லையைத் தாண்டவில்லை. "முதல் ஆள்தான், ஆனால் சரியாக ஆடவில்லையே" என்று இதைச் சொல்லிக்காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வாரத்தில் அவர் மட்டையைப் பிடித்ததே பெரிசு என்பேன் நான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மைதானத்தில் கறுப்பின மக்கள் இல்லாமல் இல்லை. மாஸ்டர்ஸில் ஆடுகிறவர் 1982 வரைக்கும் அந்தக் கிளப்பின் கேடிகளையே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி, அந்தக் கேடிகள் எல்லாரும் கறுப்பினத்தவர்கள். அந்தப் புல்லின் ஒவ்வொரு சரிவையும் அறிந்தவர்கள் அவர்கள். சமையற்கட்டில், உணவு மேசையருகில், எல்லா இடத்திலும் அவர்கள்தான். எல்டர் ஆட்டத்தை முடித்துக்கொண்டு 18-ஆவது குழிப் பக்கம் வந்தபோது அந்த ஊழியர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து கைதட்டினார்கள். அதைப் பிற்பாடு எல்டர் பல தடவை சொல்லியிருக்கிறார், கண்ணீர் வந்துவிட்டது என்று. மாஸ்டர்ஸைப் பற்றி நான் படித்தவற்றில் என் மனசில் நிற்பது இந்தக் கைதட்டல்தான்.

1975-க்குப் பிறகு அவர் காணாமல் போய்விடவும் இல்லை. 1976-இல் ஹூஸ்டன் ஓபன், 1978-இல் 44 வயதை ஒட்டி மில்வாக்கி, வெஸ்ட்செஸ்டர் என்று ஒரே வருடத்தில் இரண்டு வெற்றிகள். மொத்தம் ஆறு தடவை மாஸ்டர்ஸ் ஆடினார், 1979-இல் கூட்டாக 17-ஆவது இடம். அதே வருடம் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அணியாக மோதும் ரைடர் கோப்பையில் அமெரிக்காவுக்கு ஆடிய முதல் கறுப்பினத்தவர் ஆனார். மூத்தோர் டூரில் எட்டு பட்டங்கள். 33-இல் தொடங்கியவர் இத்தனை செய்தார் என்றால் 22-இல் உள்ளே விட்டிருந்தால்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் அவருக்கு அஞ்சலி எழுதுவது எப்படி என்றே எனக்குப் புரியவில்லை.

அகஸ்டா நிர்வாகம் கடைசியில் அவர் பேரில், அதே ஊரில் இருக்கும் பெயின் கல்லூரியில் கோல்ஃப் ஆடும் மாணவ மாணவியருக்கு உதவித்தொகை அறிவித்தது. நல்ல காரியம், மனசார வரவேற்கிறேன். ஆனால் கோபமும் இருக்கிறது. ஒரு பத்து வருடம் முன்னாடி கூப்பிட்டிருந்தால் அந்த முதல் டீயில் நின்று அவரும் ஒரு பந்து அடித்திருப்பார் அல்லவா? 46 வருடம் கழித்து, மூச்சு விடவே குழாய் தேவைப்பட்ட நேரத்தில்தானா தோன்றியது?

சரி, கோபத்தோடு நிறுத்த மனசில்லை. எனக்குப் பிடித்த எல்டர் 1997 ஏப்ரல் 13 அன்றைய எல்டர். 1975 மாஸ்டர்ஸ் முடிந்து எட்டு மாதம் கழித்துப் பிறந்த ஒரு பையன் அகஸ்டாவில் எல்லாரையும் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தான். கடைசி நாள் ஆட்டத்தை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று அட்லாண்டா வரை விமானத்தில் வந்து, அங்கிருந்து காரை விரட்டிக்கொண்டு போனவரை, வேகமாக ஓட்டியதற்காக வழியில் போலீஸ் நிறுத்தி அபராதச் சீட்டு கொடுத்தார்களாம். 62 வயது. வாங்கிக்கொண்டு மறுபடி கிளம்பினார். டைகர் உட்ஸ் முதல் டீக்குப் போகும் முன்பே பயிற்சி கிரீன் பக்கத்தில் போய் நின்றுவிட்டார்.