யோஷியை எடுப்பவரிடம் காரணம் கேட்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கீழக்கரை ஜெட்டியில் நம் வீடியோ கேம் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வந்திருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியும். வராதவர்களுக்கு அன்று ராத்திரியே செய்தி போய்விட்டது. ஆனால் அதற்கப்புறம் ஒருவர் மாற்றி ஒருவர் என்னிடம் வந்து, "சும்மா கிண்டல்தானே, அதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே?" என்று கேட்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மரியோ ஆட்டத்தில் எந்தக் கதாபாத்திரத்தை எடுத்து விளையாடுவது என்பது அவரவர் விருப்பம். அதற்கு யாரும் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் இதற்கான விளக்கம்.

பேச்சு நன்றாகத்தான் ஆரம்பித்தது. 2023 அக்டோபர் 20 அன்று நிண்டெண்டோவின் ஸ்விட்ச் மெஷினில் வரவிருந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ் வொண்டர்' பற்றித்தான் எல்லோருக்கும் பேச்சு. ஜூன் மாதம் வந்த டிரெய்லரில் மரியோ யானையாக மாறியதைப் பார்த்த நாளிலிருந்து நம் ஆட்களுக்கு வேறு நினைப்பே இல்லை. இருக்காதா? 2012இல் வந்த 'நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ் யூ'வுக்கு அப்புறம், பக்கவாட்டில் ஓடுகிற அந்த வகையில் இவ்வளவு பெரிய புது ஆட்டம் இதுதான். 11 வருடக் காத்திருப்பு.

யார் யாரை எடுக்கப்போகிறோம் என்று பேச்சு வந்தது. ஏர்வாடித் தம்பி லூயிஜி என்றான். பெரியபட்டினத்துத் தம்பி டெய்ஸி என்றான். 1989இல் முதல் கேம்பாயில் வந்த 'சூப்பர் மரியோ லேண்ட்' ஆட்டத்தில் மரியோ காப்பாற்றப் போன இளவரசி அவள்தான், கையில் வைத்து விளையாடும் மெஷினில் பிறந்தவளை அப்படியே கையில் வைத்துத்தான் விளையாட வேண்டும் என்று அவன் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எல்லோரும் கைதட்டினோம். அப்புறம் அந்தக் காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்), பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும், "எனக்கு யோஷி, அந்தப் பச்சை டைனோசர். அதுக்குத்தான் அடி படாதாமே" என்றார்.

சிரிப்பு. ஒருவன், "அப்ப நீங்க விளையாட வேணாம் காக்கா, வேடிக்கை பாருங்க" என்றான். இன்னொருவன், "அது அஞ்சு வயசுப் புள்ளைக்கு வச்சது" என்றான். மூன்றாவது ஆள், "கை நடுங்குதா காக்கா?" என்று கேட்டான். அவரும் சேர்ந்து சிரித்தார். டீயை முடித்தார். மஃரிப் தொழுகைக்கு நேரமாகிறது என்று எழுந்து போய்விட்டார். பாங்கு சொல்ல அப்போது நிறைய நேரம் இருந்தது. உங்களில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாமல் இருக்கிறது.

அவர் ஏன் யோஷியை எடுக்கிறார் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அதைச் சொன்னால் நீங்கள் உடனே "ஐயோ பாவம், அப்படியா" என்று சமாதானமாகிவிடுவீர்கள். எனக்கு அந்தச் சமாதானம் வேண்டாம். காரணமே இல்லாமல், பச்சை நிறம் பிடித்திருக்கிறது என்பதற்காக அவர் யோஷியை எடுத்தாலும் அது போதும். டெய்ஸியை எடுத்த தம்பியிடம் ஏன் என்று யாரும் விசாரணை நடத்தவில்லையே. இவரிடம் மட்டும் எதற்கு?

சரி, ஆட்டத்தைப் பற்றியே பேசுவோம். மொத்தம் 12 பேர். மரியோ, லூயிஜி, பீச், டெய்ஸி, டோடெட், இரண்டு டோடுகள், நான்கு நிறத்தில் யோஷிகள், முயல் மாதிரி இருக்கும் திருடன் நாபிட். ஆகஸ்ட் 31 அன்று நிண்டெண்டோ காட்டிய விளக்கத்தைக் கவனமாகப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த முறை மரியோவுக்கும் லூயிஜிக்கும் பீச்சுக்கும் ஓட்டத்திலோ தாவலிலோ வித்தியாசம் கிடையாது. லூயிஜி உயரமாகத் தாவுவான் என்று அன்று நீங்கள் அரைமணி நேரம் சண்டை போட்டீர்களே, அது பழைய ஆட்டங்களின் கதை. யோஷிகளும் நாபிட்டும் மட்டும்தான் வேறு மாதிரி. எதிரி இடித்தால் அவர்களுக்கு அடி படாது. அதற்கு விலையும் உண்டு. யானையாக மாற முடியாது, மற்ற பவர்களும் கிடையாது. பள்ளத்தில் விழுந்தால் அவர்களுக்கும் லைஃப் போகும். தாவத் தெரிய வேண்டும், நேரம் பார்த்துக் குதிக்கத் தெரிய வேண்டும். இதை 'வேடிக்கை பார்ப்பது' என்று சொன்னவர் ஒரு தடவை யோஷியை எடுத்து, மேடையும் பள்ளமும் நிறைந்த லெவலை முடித்துக் காட்டட்டும், அப்புறம் பேசுவோம்.

இது திடீரென்று வந்ததும் இல்லை. நாபிட்டுக்கு அடி படாது என்பது 2013இல் வந்த 'நியூ சூப்பர் லூயிஜி யூ' காலத்திலிருந்தே உண்டு. 2009இல் நிண்டெண்டோவின் வீ மெஷினுக்கு வந்த மரியோவில் ஒரே லெவலில் எட்டுத் தடவை செத்தால் ஒரு பச்சைக் கட்டை வரும், தட்டினால் லூயிஜியே ஓடி வழி காட்டுவான். 2011இல் 3டிஎஸ் என்ற கை மெஷினுக்கு வந்த '3டி லேண்ட்' ஆட்டத்தில் ஐந்து தடவை தோற்றால் அடி படாமல் இருக்க ஒரு இலை கிடைக்கும். மரியோவை உருவாக்குகிறவர்களே யாரும் பாதியில் எழுந்து போய்விடக் கூடாது என்று இவ்வளவு காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் ஒரு நிமிடத்தில் ஒரு மனிதரை எழுந்து போக வைத்துவிட்டீர்கள்.

"சவால் இல்லாவிட்டால் அது என்ன விளையாட்டு?" என்கிறார்கள். உங்களுக்குச் சவால் வேண்டுமா, மரியோவை எடுங்கள். ஒவ்வொரு லெவலுக்கும் எவ்வளவு கஷ்டம் என்று நட்சத்திரம் போட்டே கொடுக்கிறார்கள், ஐந்து நட்சத்திரத்தைத் தேடிப் போங்கள். உங்கள் மரியோவிடமிருந்து யார் எதைப் பிடுங்கினார்கள்? அவர் வீட்டில் அவர் யோஷியை எடுத்தால் உங்கள் வீட்டில் ஆட்டம் எளிதாகிவிடுமா?

ஒரே ஒரு ஆட்சேபம் நியாயமானது. மண்டபம் ஊர் நண்பர் கேட்டது. "எனக்கு யோஷியைப் பிடிக்கும், ஆனா அடி படுற மாதிரியும் விளையாடணும். அதுக்கு வழியே இல்லையே?" உண்மைதான். அதற்கு ஒரு வசதி வைத்திருக்கலாம். அவர் நிறுவனத்தைக் குறை சொன்னார், எந்த மனிதரையும் குறை சொல்லவில்லை. அதனால் அவரோடு எனக்குச் சண்டை இல்லை.

"60 டாலர் கொடுத்து வாங்கிட்டு சும்மா நடந்து போனா காசு வீண்" என்று ஒருவர். நிண்டெண்டோ இங்கே நேரடியாகக் கடை போடவில்லை. நமக்கு மெஷினும் கேசட்டும் வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டியில் வர வேண்டும், இல்லாவிட்டால் இறக்குமதி செய்து விற்பவரிடம் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும். இவ்வளவு செலவு செய்கிறவருக்குத் தன் காசை எப்படி அனுபவிப்பது என்று தெரியாதா? காசு அவருடையது.

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு கேம்பாய் அட்வான்ஸ் வந்தது துபாயிலிருந்து மாமா அனுப்பிய பெட்டியில். சோப்பு, சட்டைத் துணி, தைலம், பால் பவுடர், நடுவே அது. இரண்டு பென்சில் செல் போட வேண்டும். அந்த முதல் மாடலின் திரையில் விளக்கு கிடையாது. வெளிச்சத்தைப் பார்த்துச் சாய்த்துப் பிடித்தால்தான் ஏதாவது தெரியும். அதனால் பகலில் பிள்ளைகள் ஜன்னலோரத்துக்கும் மொட்டை மாடிக்கும் அடித்துக்கொள்வோம். கூடவே வந்த கேசட் 'யோஷி'ஸ் ஐலண்ட்'. முதலில் 1995இல் பெரிய மெஷினுக்கு வந்து, 2002இல் கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்தது. குழந்தை மரியோவை யோஷி முதுகில் சுமந்துகொண்டு போகும். எதிரி இடித்தால் யோஷி சாகாது, முதுகில் இருக்கும் குழந்தை ஒரு குமிழிக்குள் அழுதுகொண்டே மிதக்கும். எண்ணிக்கை முடிவதற்குள் பிடித்துவிட வேண்டும்.

உம்மா அதுவரை எந்த விளையாட்டு மெஷினையும் தொட்டதில்லை. அந்தக் குழந்தையின் அழுகைச் சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து வந்தார். "புள்ளை அழுகுதே, புடிங்கடா" என்றார். மறுநாள் மதியம் நாங்கள் சாப்பிட்டுப் படுத்திருந்தபோது ஜன்னலோரமாக உட்கார்ந்து அவரே விளையாடிக்கொண்டிருந்தார். மெதுவாகத்தான். ஒவ்வொரு மேட்டிலும் நின்று நின்று. குழந்தை கீழே விழுந்தால் "யா அல்லாஹ்" என்று பதறிப் பிடிப்பார். பிடித்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை. சில நாள் இப்படியே போனது.

ஒருநாள் என் பெரியம்மா மகன், எங்களில் மூத்தவன், வந்து பார்த்தான். "சாச்சி, இது உங்களுக்கு வராது, இவ்வளவு நேரமா முதல் லெவல்லயே நிக்கிறீங்க, குடுங்க" என்று கையிலிருந்து வாங்கிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். உம்மாவும் சிரித்துக்கொண்டே எழுந்து போனார். அதற்கப்புறம் அவர் அதைத் தொடவே இல்லை. நாங்கள் கொடுத்தாலும், "எனக்கெதுக்கு, நீங்க விளையாடுங்க" என்பார். சும்மா கிண்டல்தான். ஒரே ஒரு தடவைதான். அவ்வளவில் முடிந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை காக்கா எழுந்ததும் அதே மாதிரிதான். அதே சிரிப்பு. அதனால்தான் என் மூஞ்சி அப்படிப் போனது.

இந்த வொண்டருக்குத் தயாரிப்பாளர் தகாஷி தெசுகா. 'யோஷி'ஸ் ஐலண்ட்' ஆட்டத்தை இயக்கியவர்களில் ஒருவர். அடி படாத யோஷியை அவர் காலத்தில் மறுபடி பார்க்கும்போது எனக்கு உம்மாவின் ஞாபகம் வராமல் எப்படி இருக்கும்? இந்த முறை ஒரே வீட்டில் நான்கு பேர் சேர்ந்து விளையாடலாம். முன்பு மாதிரி ஒருவர் மீது ஒருவர் மோதித் தள்ளிவிட முடியாது. ஒருவர் விழுந்தால் ஆவியாக மிதப்பார், சில நொடிக்குள் கூட இருப்பவர் தொட்டால் பிழைத்துக்கொள்வார். யோஷி மற்றவர்களை முதுகில் ஏற்றிக்கொண்டு போகலாம். ஒரு தகப்பன் தன் மகளை ஏற்றிக்கொண்டு போகலாம். இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும் உங்களுக்கு?

"நீ ரொம்ப உணர்ச்சிவசப்படுற, இது வெறும் கேம்" என்று இதைப் படித்துவிட்டு எழுதுவீர்கள். வெறும் கேம் என்றால் யோஷியை எடுத்தவரை ஏன் சிரித்தே விரட்டினீர்கள்? அன்று அது உங்களுக்கு வெறும் கேமாக இல்லையே. தேறியவன் யார், தேறாதவன் யார் என்று தரம் பிரிக்கும்போது அது பெரிய விஷயம், யாராவது வலிக்கிறது என்று சொன்னால் உடனே வெறும் கேமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் கையில் இந்த மெஷின்கள் எப்படி வந்தன? ராமநாதபுரம் கடையில் வாங்கினோமா? கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, எந்த ஊரை எடுத்தாலும் யாரோ ஒருவர் சபுர், அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனதால் வந்தது. மாமாவோ வாப்பாவோ காக்காவோ ஒரு அறையில் பத்துப் பேரோடு படுத்து, ஓவர்டைம் பார்த்து, லீவுக்கு வரும் ஆளிடம் கொடுத்து அனுப்பியது. அவர்கள் விளையாடினார்களா? பெட்டியில் ஒட்டியிருந்த படத்தைத் தவிர எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் மாமா போனில், "நல்லா ஓடுதா? செல்லு போதுமா?" என்று மட்டும்தான் கேட்பார். என்ன விளையாட்டு, யார் கதாநாயகன் என்று எதுவும் அவருக்குத் தெரியாது.

அந்தக் காக்காவும் அப்படி இருந்தவர்தான். தம்பிகளுக்கும் மச்சான் பிள்ளைகளுக்கும் வரிசையாக அனுப்பியவர். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் ஒருவருக்கு முதல் மெஷின் யார் வாங்கிக் கொடுத்தது என்று நான் சொல்ல வேண்டாம், அவருக்கே தெரியும். பல வருடம் கழித்து ஊரோடு வந்து தங்கிவிட்டார். வரும்போது தனக்கென்று ஒன்று வாங்கி வந்தார். டிரெய்லரை மகளோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறார். 12 பேரின் பெயரையும் கேட்டு மனதில் வைத்திருக்கிறார். நம் கூட்டத்துக்கு ஆசையாக வந்தார். அவர் வாயைத் திறந்து சொன்னது ஒரே ஒரு பெயர். அதற்கு "வேடிக்கை பாருங்க" என்று பதில். இவ்வளவு காலமும் அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

இதை எழுதியதால் சிலர் என்னோடு பேசாமல் இருக்கலாம். இருக்கட்டும். கேசட் கைக்கு வந்ததும் மறுபடி ஜெட்டியில் கூடுவோம் என்று திட்டம் போட்டிருக்கிறீர்கள், தெரியும். நானும் வருகிறேன். ஆனால் காக்காவை நான் கூப்பிட மாட்டேன். அன்று சிரித்த மூன்று பேரும் அவர் வீட்டுக்கு நேரில் போய்க் கூப்பிடுங்கள். போனில் வேண்டாம். போகும்போது ஏன் யோஷி என்று மட்டும் கேட்காதீர்கள்.