தடுக்காமல் இருந்ததற்கு ஒரு பொன்னாடை

சிங்கப்பூரில் சனிக்கிழமை நடந்த நம் சமூகப் பாராட்டு நிகழ்ச்சியின் வீடியோவை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எந்த வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் அதுதான் ஓடுகிறது. ஐம்பது வயதைத் தாண்டிப் பட்டம் வாங்கிய அந்த அக்கா மேடை ஏறும்போது எனக்கும் கண் கலங்கியது. நெறியாளர் தம்பி வாயைத் திறக்கும்வரை.

"அக்கா, நீங்க படிக்கப் போயிட்டா வீட்டுல அண்ணனுக்கு யாரு சமைச்சுப் போட்டா?"

இதுதான் முதல் கேள்வி. அரங்கமே சிரித்தது. அக்காவும் சிரித்தார். வேறென்ன செய்வார், மைக் தம்பி கையில். அப்புறம் அண்ணனை மேடைக்குக் கூப்பிட்டு, "மனைவியைப் படிக்க விட்ட பெரிய மனசுக்காரர்" என்று பொன்னாடை போர்த்தினார்கள். அக்காவுக்குப் போர்த்தியதைவிட அதில் சரிகை அகலம். அதையெல்லாமா பார்ப்பாய் என்று கேட்காதீர்கள், பார்த்தேன்.

அந்த வீடியோவுக்குக் கீழே நான் எழுதியது ஒரே ஒரு வரி: "அக்கா என்ன படித்தார் என்று யாராவது கேட்டீர்களா?" அவ்வளவுதான். திட்டவில்லை, யார் பெயரையும் இழுக்கவில்லை. அதற்கு வந்த பதில்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "உங்களுக்கு எல்லாத்துலயும் குறை." "பாவம் உங்க வீட்டுக்காரர்." "நல்ல நாள்ல நாலு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாதா?" அதனால் இப்போது நாலு வார்த்தை சொல்கிறேன். கொஞ்சம் கூடுதலாகவே.

படிக்கப் போகும் மனைவியைத் தடுக்காமல் இருப்பது சாதனை இல்லை. அதற்குப் பொன்னாடை கிடையாது. ஒரு வளர்ந்த மனுஷி மாலை வகுப்புக்குப் போகிறாள், அவளை யாரும் கதவடைத்து நிறுத்தவில்லை. சரி. நல்லது. அதற்கு மேல் அதில் கைதட்ட என்ன இருக்கிறது?

நான் தாதி என்பது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்துவிட்டு என்ரோல்ட் நர்ஸாக, அதாவது ஸ்டாஃப் நர்ஸுக்குக் கீழ்ப் படியில், வேலைக்குச் சேர்ந்தவள். பல வருடம் கழித்து, ஒன்று தொடக்கநிலையிலும் ஒன்று பாலர் பள்ளியிலுமாக இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டுதான் டிப்ளோமா முடித்து ஸ்டாஃப் நர்ஸ் ஆனேன். நைட் ஷிஃப்ட் முடித்து எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே தூங்கிய கதையெல்லாம் சொன்னால் நீங்களும் "இரும்புப் பெண்மணி" என்று படம் போட்டுவிடுவீர்கள். அதனால் அது வேண்டாம். எனக்கு யார் உதவினார்கள் என்று மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இத்தனை வருடத்தில் எந்த மேடையும் அதைக் கேட்டதில்லை.

ரோஸ்டர் வந்தவுடன் என் வகுப்பு நாள்களைப் பார்த்து, நான் கேட்காமலே ஷிஃப்ட் மாற்றிக்கொண்ட பிலிப்பீன்ஸ் தோழி. அவளுக்கும் ஊரில் பிள்ளை இருந்தது, வீடியோ காலில் வளர்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு மக்சிக், அந்த மலாய் அம்மா, என் சின்னவனைப் பாலர் பள்ளியிலிருந்து அழைத்துவந்து தன் பேரனோடு சேர்த்துச் சோறு ஊட்டுவார். பணம் கொடுத்தால் கோபித்துக்கொள்வார், தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தால் வாங்கிக்கொள்வார். மருந்து அளவுக் கணக்கில் நான் முட்டி மோதியபோது, என் பாதி வயதுகூட இல்லாத சீனப் பெண் ஒருத்தி, கேன்டீனில் டிஷ்யூ தாளில் போட்டுப் போட்டுக் காட்டினாள். மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் நடுவில் ஒரு புள்ளி இடம் மாறினால் நோயாளிக்கு என்ன ஆகும் என்று அவள் சொல்லித் தந்ததுதான் இன்றைக்கும் என் கையை நிதானமாக வைத்திருக்கிறது.

இவர்களில் ஒருவரையாவது மேடைக்குக் கூப்பிடுவீர்களா? மாட்டீர்கள். உதவியவர்கள் வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தடுக்காமல் இருந்தவருக்குத்தான் பொன்னாடை.

இந்த இடத்தில் "அப்போ உங்க வீட்டுக்காரர் ஒண்ணுமே செய்யலையா?" என்று கேட்பீர்கள். செய்தார். நிறையச் செய்தார். சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டார், முதல் சில மாதம் அது சாம்பார் மாதிரியே இருக்காது, தின்றோம். பெரியவளின் தொடக்கநிலை இறுதியாண்டுத் தேர்வுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். அதற்கு நன்றி உண்டு, வீட்டில் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் பிள்ளைகள் அவருக்கும் பிள்ளைகள், வயிறு அவருக்கும் இருக்கிறது. அரசாங்கமே 2025 ஏப்ரலில் தந்தையர் விடுப்பை 4 வாரம் என்று கட்டாயமாக்கிவிட்டது, நம் சமூக நிகழ்ச்சிகள்தான் இன்னும் "அப்பா பிள்ளையைப் பார்த்துக்கிட்டாராமே" என்று வாயைப் பிளக்கின்றன. வீடியோவை அவரிடமும் காட்டினேன். "என்னை எங்கயாவது இப்படி ஏத்திவிட்டா இறங்கி ஓடிடுவேன்" என்றார். அதனால் அவருக்காகப் பரிதாபப்பட்டவர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

"அது ஜோக்குங்க" என்றவர்களுக்கு: தெரியும். ஜோக் என்று தெரிந்ததால்தான் எரிச்சல். அதே தம்பி, போன வருடம் முனைவர் பட்டம் வாங்கிய அண்ணனிடம் வீட்டில் துணி துவைத்தது யார் என்று கேட்டிருந்தால், சரி, சமமான ஜோக் என்று விட்டிருப்பேன். அவரிடம் ஆய்வுத் தலைப்பு கேட்டார்கள். மூன்று முறை விளக்கச் சொன்னார்கள்.

அடுத்து, எனக்கு மிகவும் வலித்த பதில். எழுதியவர் படித்தவர், வயதில் மூத்தவர், மரியாதையோடுதான் எழுதியிருந்தார். சாரம் இதுதான்: "இது சிங்கப்பூர். இங்கே பெண்களை யார் தடுத்தார்கள்? ஊர்க் கதையை இங்கே கொண்டுவராதீர்கள்."

ஐயா, யார் தடுத்தார்கள் என்றா கேட்கிறீர்கள்? 1979 முதல் 2003 வரை இந்த ஊரின் மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம்தான். உச்சவரம்பு. மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. அதில் பல வருடம் நான் பள்ளிச் சீருடையில் இருந்தேன், எனக்கே இது தாதியான பிறகுதான் தெரியவந்தது. காரணம் என்ன சொன்னார்கள் தெரியுமா? பெண் மருத்துவர்கள் கல்யாணம், பிள்ளை என்று ஆனதும் வேலையை விட்டுவிடுகிறார்கள், நேரத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள், அரசாங்கம் செலவழித்துப் படிக்கவைத்தது வீணாகிறது. அதாவது வீட்டில் யார் சமைப்பது என்ற கேள்விக்கான பதிலை எல்லாரும் முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டு, அதற்கான தண்டனையைப் பதினெட்டு வயசுப் பெண் பிள்ளையின் விண்ணப்பத்தில் எழுதினார்கள். வரம்பை எடுத்துவிட்டார்கள், நல்லது. கேள்வியை எடுக்கவில்லை. சனிக்கிழமை மைக்கில் கேட்டது அதே கேள்வி.

"இப்போ அரசாங்கம் எவ்வளவு கொடுக்குது" என்பதும் வந்தது. கொடுக்கிறது, மறுக்கவில்லை. 25 வயதானவர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற திறன் பயிற்சித் திட்டத்தில் 500 வெள்ளி (டாலர்) வந்தது, 2024 மே மாதம் 40 வயது நிரம்பியவர்களுக்கு இன்னொரு 4,000 வெள்ளி வந்தது. கணக்கில் கிடக்கிறது. என் வார்டிலேயே கேட்டுப் பாருங்கள், அந்த வெள்ளியைத் தொடாத பெண்கள் எத்தனை பேர் என்று. வகுப்பு ஏழு மணிக்குத் தொடங்கும். ஏழு மணிக்குத்தான் மாமியாருக்கு இன்சுலின், பிள்ளைக்கு வீட்டுப்பாடம், நாளைக்குக் காய்கறி. கட்டணத்தை அரசாங்கம் கட்டும். ஏழு மணியை யார் கொடுப்பது? அதை வீட்டில் இருப்பவர்கள்தான் கொடுக்க முடியும், அதுவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல்.

அந்த முகத்தைப் பற்றி எனக்குத் தெரியும். இதை எழுத வேண்டாம் என்றுதான் தொடங்கும்போது நினைத்தேன்.

என் அம்மா தொடக்கநிலை நான்கோடு நிறுத்தப்பட்டவர். தம்பிகளைப் பார்த்துக்கொள்ள. பிறகு மின்னணுத் தொழிற்சாலையில், லைனில் உட்கார்ந்து கண்ணாடி வழியே சின்னச் சின்னக் கம்பிகளைப் பார்த்துப் பார்த்துக் கண் போன தலைமுறை. 1983ல் 'பெஸ்ட்' என்று ஒரு திட்டம் வந்தது, தொடக்கநிலை முடிக்காத ஊழியர்களுக்கு ஆங்கிலமும் கணக்கும் சொல்லித் தருவது. அம்மா அதில் சேர்ந்தார். புது நோட்டு, அட்டை போட்டு, பெயர் எழுதி. என் நோட்டுகளுக்குப் பக்கத்தில் அம்மாவின் நோட்டும் அடுக்கியிருக்கும், எனக்கு அது பெரிய பெருமை.

அப்பா தடுக்கவில்லை. இதைக் கவனியுங்கள். ஒரு நாளும் "போகாதே" என்று சொன்னதில்லை, நல்ல மனுஷன், கை நீட்டாதவர், குடிக்காதவர். வகுப்பு முடிந்து அம்மா வரும்போது தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "சோறு ஆறிப்போச்சு" என்பார். அவ்வளவுதான். வகுப்பு இருக்கும் ஒவ்வொரு நாளும் அவ்வளவுதான். கடைசித் தேர்வு வருவதற்குள் அம்மா நிறுத்திவிட்டார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்று அவரே சொல்லுவார். இன்றைக்கும் பலதுறை மருந்தகத்திலிருந்து (அரசாங்க கிளினிக்) வரும் கடிதத்தை என்னிடம் நீட்டி "இதுல என்ன போட்டிருக்கு பாரு" என்கிறார். கணக்கில் என் தங்கையைவிட வேகம். அந்தத் தேர்வில் தேறியிருப்பார், எழுதியிருந்தால்.

அதனால் என்னிடம் "அண்ணன் தடுக்கவில்லையே" என்று சொல்லாதீர்கள். தடுக்காமலே எப்படியெல்லாம் நிறுத்தலாம் என்று நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

இன்னொருவர் முன்னாள் அதிபர் ஹலிமா யாக்கோப்பை உதாரணம் காட்டினார், "அவங்க குறை சொல்லிக்கிட்டா இருந்தாங்க" என்று. நல்ல உதாரணம்தான், முழுதாகச் சொல்லுங்கள். எட்டு வயதில் தந்தையை இழந்தவர், தாயார் தள்ளுவண்டியில் நாசி பாடாங் (சோறும் கறி வகைகளும்) விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார், இவரும் கூட நின்று வேலை செய்தார். 1978ல் சட்டப் பட்டம், ஐந்து பிள்ளைகளுக்குத் தாயான பிறகு 2001ல் முதுநிலைப் பட்டம், 2017ல் இந்த நாட்டின் முதல் பெண் அதிபர். அவர் கதையில் யாரைப் பற்றிப் பேசுகிறோம்? உழைத்த அம்மாவைப் பற்றி. அவர் முதுநிலை படித்தபோது வீட்டில் சமைத்தது யார் என்று கேட்க யாருக்காவது வாய் வருமா? பெரிய பதவி வந்த பிறகுதான் அந்தக் கேள்வியிலிருந்து விடுதலை போலிருக்கிறது. நம் அக்காவுக்கு அதிபர் பதவி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

சரி, அக்கா என்ன படித்தார்? எனக்கு அவரைத் தெரியாது. தெரிந்த ஒருவர் மூலம் எண் வாங்கி, தயங்கித் தயங்கித்தான் அழைத்தேன். மேடையில் இரண்டு வார்த்தை பேசிய அதே அக்கா, நிறுத்தாமல் பேசினார். கணக்கியல். வரிப் பாடத்தில் முதல் தடவை தேறவில்லையாம். பொருள் சேவை வரி 2023ல் 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆகி, அவர் திரும்ப எழுதும்போது 9 ஆகிவிட்டதாம், பழைய குறிப்புகளையெல்லாம் சிவப்பு மையில் திருத்தியதைச் சொல்லிச் சிரித்தார். ஒரு ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) சமன் ஆகாமல் விடியற்காலை வரை தேடி, ஒரு எண்ணை இரண்டு முறை போட்டிருந்ததைக் கண்டுபிடித்ததைச் சொன்னபோது குரலே மாறிவிட்டது. இதையல்லவா மேடையில் கேட்டிருக்க வேண்டும்? முன்வரிசையில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தீர்களே, ஊக்கம் பெறட்டும் என்று, அவர்கள் என்ன கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்? அக்கா வகுப்புக்குப் போன நாள்களில் அண்ணன் நூடுல்ஸ் சாப்பிட்டாராம் என்று.

அக்காவிடம் அந்தக் கேள்வி பற்றியும் கேட்டேன். "விடும்மா, பழகிப்போச்சு" என்றார். அவருக்குப் பழகிப்போனதால் நானும் விட்டுவிட வேண்டும் என்று அடுத்து யாராவது எழுதுவீர்கள். நான் விடுவதாக இல்லை. அவர் பெருந்தன்மை அவரோடது. என்னிடம் அவ்வளவு இல்லை.

ஏற்பாட்டுக் குழுவில் இருக்கும் சிலர் என் நட்பு வட்டத்தில் இருக்கிறீர்கள், படித்துவிட்டு லைக் போடாமல் போவீர்கள் என்றும் தெரியும். அடுத்த மாத நிகழ்ச்சிக்கு என்னைப் பேசக் கூப்பிட்டு நீங்கள் அனுப்பிய படிவத்தில் "கணவரின் பெயர், கணவரின் புகைப்படம்" என்று இரண்டு கட்டம் இருக்கிறது. அவற்றைக் காலியாக விட்டு, என் டிப்ளோமாவில் எந்தப் பாடம் கடினமாக இருந்தது என்று கீழே எழுதி அனுப்பியிருக்கிறேன். கூப்பிடுவதும் கூப்பிடாததும் உங்கள் விருப்பம்.

நாளைக்கு எனக்குக் காலை ஷிஃப்ட். திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டலாம், மூன்றரைக்கு மேல்தான் பதில் வரும்.